ஆம்ப்ரோஸ் தலை மாற்றிய வருடம்

ஆம்ப்ரோஸ் ரிண்ட்லருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. ஒரு வண்டி இருந்தது, அதற்கு மூன்று தலைகள் இருந்தன. அதை வைத்துக்கொண்டே மேற்கு ஒஹாயோவில் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த சின்னப் பண்ணைக்காரர்கள் எல்லோரையும் தன் வாசலில் காத்திருக்க வைத்தார். கடவுளுக்கு அடுத்தபடி மழையையும் ஆம்ப்ரோஸையும்தான் எங்கள் ஊர் ஆண்கள் திட்டுவார்கள். இரண்டையும் முகத்துக்கு நேராகத் திட்ட முடியாது.

அந்த வண்டியை எல்லோரும் யூனி என்பார்கள். நான்கு சக்கரம், உயரத்தில் ஓர் இருக்கை, பக்கத்திலேயே கதறுகிற எஞ்சின். தலை எதுவும் மாட்டாமல் சாலையில் போனால் இறகு பிடுங்கிய கோழி நடந்து போவது போல இருக்கும். ஜூலையில் கோதுமைத் தலையை மாட்டினால் கதிரை அறுத்து அடித்துத் தரும். செப்டம்பரில் வெட்டும் தலை. அது பச்சை மக்காச்சோளத்தைத் தட்டையோடு பொடியாக நறுக்கி டிரெய்லரில் துப்பும். அதை சைலோ கோபுரத்துக்குள் ஊதி அடைத்தால் உள்ளேயே புளித்து, பசுக்களுக்குக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. அக்டோபரில் பறிக்கும் தலை. அது காய்ந்து நிற்கிற சோளத்தில் கதிரை மட்டும் பறிக்கும். ஒரு வண்டி மூன்று வேலை செய்யும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும் என்பதை வாங்கியவர்கள் பிறகு தெரிந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது, வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டிச் சலித்தது.

தலை மாற்றுவது தொப்பி மாற்றுவது போல இல்லை. போட்ட தலையை முட்டுக்கால்களில் நிறுத்தி, ஆணிகளைக் கழற்றி, பெல்ட்டை உருவி, வண்டியைப் பின்னால் இழுக்க வேண்டும். அடுத்த தலைக்கு நேராக ஓட்டிப்போய் விரல் அகலம்கூடப் பிசகாமல் உள்ளே நுழைய வேண்டும். தரை சமமாக இருந்தால் அரை நாள் வேலை. தரை சமமாக இல்லாவிட்டால் அரை நாள் கெட்ட வார்த்தை, அதற்கப்புறம் வேலை. அதனால் ஆம்ப்ரோஸ் தன் கொட்டகையின் சிமென்ட் தரையில், சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்த இடத்தில்தான் தலை மாற்றுவார். பறிக்கும் தலை ஒருமுறை ஏறிவிட்டால், நவம்பர் கடைசியில் நன்றி நாளுக்கு வான்கோழி அறுக்கும் வரை இறங்காது. அது அவருடைய விதி.

"போப்பாண்டவரே நேர்ல வந்து கேட்டாலும் மாத்த மாட்டான்" என்பார் சாலைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருந்த க்ளீட்டஸ் ஃபோர்ட்கேம்ப். "'ஆண்டவரே, டிசம்பர்ல வாங்க, காப்பி குடிச்சுக்கிட்டே பேசலாம்'ன்னுடுவான்."

ஆம்ப்ரோஸுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஒரு காரணமும் இல்லை, அவர் வாயைத் திறக்கவில்லை என்பதைத் தவிர. கொரியாவில் ராணுவ லாரிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்தார் என்று ஊரில் சொல்வார்கள், அவர் சொன்னதில்லை. வேகவைத்த முட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவார். இருக்கையில் உட்கார்ந்தபடியே உரித்து, முட்டையோட்டைத் தன் தொப்பிக்குள் போட்டுக்கொள்வார். கீழே போட்டால் யாருடைய வயலோ அழுக்காகிவிடும் என்பது போல.

அவரைப் பேசவைக்க நான் எவ்வளவோ பார்த்தேன். யூனியின் கருவிப் பெட்டிக்குள் ரப்பர் தவளை ஒன்றை ஒளித்து வைத்தேன். ஸ்பேனருக்குக் கைவிட்டால் தவளை கையில் வரும். மனிதன் அலறுவான், அலறினால் பேச்சு வரும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பியது. மூன்று வாரம் கழித்துப் பள்ளியில் என் மதிய உணவு டப்பாவைத் திறந்தால் தவளை, வாயில் ஒரு சோள மணியோடு. எப்படி வைத்தார் என்று இன்றுவரை தெரியாது. அந்த வருடமெல்லாம் தவளை அவருக்கும் எனக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது. பள்ளி முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே பாதிப் படிப்பை முடித்தவள் நான், எனக்குச் சரியான எதிராளி கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா அல்வீனா ஹோமன், முப்பது கறவை மாடுகள், நான். அப்பா போன பிறகு வந்த ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆம்ப்ரோஸ் வெட்டும் தலையை மாட்டிக்கொண்டு முதலில் எங்கள் வயலுக்குத்தான் வந்தார். யார் வயலில் வேலையோ அவர்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு, அது எங்கள் பக்கத்து வழக்கம். டிரெய்லர் ஓட்ட வந்த க்ளீட்டஸும் கூட உட்கார்ந்திருப்பார்.

"ஏன்டா ஆம்ப்ரோஸ், ஊர்ல எல்லா சோளமும் ஒரே நேரத்துல பழுக்குது. அல்வீனாவோட சோளம் மட்டும் உனக்கு முன்னாலயே பழுத்துடுதே, அது என்ன வித்தை?"

ஆம்ப்ரோஸ் அம்மா சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை மென்றுகொண்டே ஜன்னலைப் பார்ப்பார்.

"உன்னத்தாண்டா கேக்கறேன்."

"பை நல்லா இருக்கு" என்பார் ஆம்ப்ரோஸ், தட்டைப் பார்த்து.

"இன்னொரு துண்டு இருக்கு" என்பாள் அம்மா, பாத்திரத்தைப் பார்த்து.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது தந்தி அடிப்பது போல. வார்த்தைக்கு வார்த்தை காசு பிடிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த வருடம் வசந்தத்தில் மழை விடவேயில்லை. எங்கள் நிலம் தாழ்வானது. மற்றவர்கள் மே மாதம் விதைத்தார்கள், நாங்கள் ஜூன் பாதியில் விதைத்தோம். செப்டம்பர் முடியும்போதும் எங்கள் சோளம் பால் முற்றாமல் வெறும் தண்ணீராக நின்றது, அப்போதே வெட்டினால் சைலோவில் அழுகிவிடும். ஆம்ப்ரோஸ் மற்றவர்களுடைய சைலோக்களை நிரப்பி முடித்தார். க்ளீட்டஸின் சோளம் அதற்குள் காய்ந்துவிட்டது. பறிக்கும் தலையை ஏற்ற வேண்டிய நேரம்.

ஏற்றும் முன் வெட்டும் தலையை எங்கள் கொட்டகையின் சிமென்ட் தரையில் கொண்டுவந்து இறக்கினார்.

"எங்கிட்ட எடம் இல்ல" என்றார் அம்மாவிடம். "இங்க கெடக்கட்டும்."

அவருடைய கொட்டகைக்குள் நான் போயிருக்கிறேன், தவளை விஷயமாக. உள்ளே கல்யாண நடனம் நடத்தலாம், வாத்தியக்காரர்களுக்கும் இடம் மிஞ்சும்.

"எடம் இல்லயாமே" என்றேன் அவர் போன பிறகு.

"உனக்கு என்னடி?" என்றாள் அம்மா. "தல இங்க கெடந்து என்ன செய்ய? ஒடம்பு க்ளீட்டஸ் வயலுக்கில்ல போகுது."

அக்டோபர் முதல் வாரத்தில், வழக்கத்தைவிட வெகு முன்னதாக, உறைபனி விழுந்தது. காலையில் பால் கறக்கப் போகும்போது புல்லெல்லாம் வெள்ளை. மதியத்துக்குள் எங்கள் சோளம் கொதிநீரில் போட்டெடுத்த கீரை மாதிரித் தலை தொங்கிவிட்டது. பனியில் செத்த சோளத்தை நாலைந்து நாளுக்குள் வெட்டி சைலோவில் அடைக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் இலையெல்லாம் காகிதமாகி நொறுங்கிவிடும், புளிக்காது, பூசணம்தான் பிடிக்கும். சைலோ காலியாகக் கிடந்தால் பாதி மாடுகளை விற்க வேண்டும். மீதி மாடுகளின் பாலில் பண்ணை ஓடாது. இதை எனக்கு யாரும் விளக்கவில்லை. அன்று மதியமே மாட்டுத் தரகர் ஒருவர் எங்கள் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு, "சும்மா இந்தப் பக்கம் போனேன்" என்றார். எங்கள் சாலை எந்தப் பக்கமும் போகாது. எங்கள் வீட்டோடு முடிந்துவிடும்.

அவர் பெர்னடெட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். பெர்னடெட் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு. அவருடைய கார் டயரில் காற்று எப்படி இறங்கியது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

"போய்க் கேளும்மா" என்றேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலைக்கு அப்பால் க்ளீட்டஸின் வயலில் யூனி ஊர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

"கேக்க மாட்டேன்."

"ஒரு வார்த்தம்மா. அவரு மாட்டேன்னா சொல்லிடப் போறாரு?"

"அதுக்குத்தான் கேக்க மாட்டேங்கறேன்." அம்மா ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். "எங்கிட்ட அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது. சரின்னு சொன்னா க்ளீட்டஸோட சோளம் பாதியில நிக்கும், அதுக்கு அடுத்தவன் சோளமும் நிக்கும். மழ வந்தா எல்லாம் சாஞ்சுடும். ஒரு மனுஷன எதுக்குடி ரெண்டா பொளக்கணும்?"

"அப்ப மாட்ட வித்துடலாமா?"

"வாய மூடு, ட்ரூடி."

ஆனால் யூனியின் இருக்கை உயரமானது. க்ளீட்டஸின் வயலில் ஒவ்வொரு வரிசையும் முடிந்து வண்டியைத் திருப்பும்போது, ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராக எங்கள் செத்த சோளம்தான் தெரியும். அன்று மாலைவரை ஆம்ப்ரோஸ் எத்தனையோ முறை திருப்பினார்.

மறுநாள் காலை அம்மா தொழுவத்தில் கறந்துகொண்டிருந்தாள், நான் பள்ளி வண்டியில் போய்விட்டிருந்தேன். ஆம்ப்ரோஸ் யாரிடமும் சொல்லாமல் யூனியை எங்கள் முற்றத்துக்கு ஓட்டி வந்தார். கொட்டகையின் சிமென்ட் தரையில் ஒரு தலைக்குத்தான் இடம், அதில் வெட்டும் தலை உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் போட்டிருக்கும் தலையை வெளியே இறக்க வேண்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் சமமாக, பச்சையாக, அழகாக ஒரு புல்தரை இருந்தது. வாழ்நாளில் சிமென்ட் தவிர வேறெதிலும் தலை இறக்காத மனிதர், அவசரத்தில், முட்டுக்கால்களுக்கு அடியில் ஒரு பலகைகூடப் போடாமல் பறிக்கும் தலையை அந்தப் புல்லின் மேல் இறக்கினார்.

அப்பா பன்றி வளர்த்த காலத்தில் அவை புரண்டு கிடந்த குளம் அது. அப்பா மண் போட்டு மூடினார், புல் வந்தது. புல் நன்றாகத்தான் வரும், அடியில் அத்தனை வருட உரம்.

அம்மா தொழுவ வேலையெல்லாம் முடித்து மதியத்துக்கு வெளியே வந்தபோது வெட்டும் தலை மாட்டி முடிந்திருந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிறகு கேட்டேன்.

"'டிரெய்லர ஓட்ட ஆள் இருக்கா'ன்னாரு. 'நான் இருக்கேன்'னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

இரண்டு நாள் வெட்டினார்கள். இரண்டாம் நாள் எனக்குப் பயங்கர வயிற்றுவலி வந்தது. அம்மா உடனே நம்பினாள், சைலோவின் ஊதுகுழாய்ப் பக்கம் நிற்க ஓர் ஆள் தேவையாக இருந்தது. மாலையில் கடைசி டிரெய்லரை ஊதி மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. நனைந்துகொண்டே முடித்தோம். சைலோவின் மேல் கதவு வரை நிரம்பியிருந்தது. அம்மா ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த முட்டையோட்டைத் தட்டினார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது, பள்ளிக்குப் போகும் அளவுக்கு என் வயிற்றுவலி மட்டும் விடவில்லை. பறிக்கும் தலையின் முட்டுக்கால்களைக் காணவில்லை. முட்டுக்கால்கள் மட்டுமில்லை, பாதித் தலையையும் காணவில்லை. முன்மூக்கை ஒரு பக்கமாகச் சேற்றில் நுழைத்துக்கொண்டு, பழைய குடித்தனக்காரப் பன்றி திரும்பி வந்து படுத்தது போலக் கிடந்தது. யூனி போய் நுழைய வேண்டிய துவாரங்கள் எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே.

ஆம்ப்ரோஸ் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு சேற்றில் படுத்தார். ஜாக்கியைத் தூக்கினால் தலை ஏறவில்லை, ஜாக்கிதான் இறங்கியது.

"இங்க பன்னிக்கொளம் இருந்துச்சு" என்றாள் அம்மா.

"இப்பத் தெரியுது" என்றார் ஆம்ப்ரோஸ்.

க்ளீட்டஸ் வரும் சத்தம் அவர் வருவதற்கு முன்னாலேயே வந்தது. பின்னாலேயே இரண்டு மூன்று டிரக்குகள். சோளம் பறிக்கக் காத்திருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். தானியக் களஞ்சியங்களைப் பெயர்த்து இடம் மாற்றுவதைத் தொழிலாக வைத்திருந்த அர்பன் ஈவர்ஸும் அவர்களில் ஒருவர். எல்லோரும் சேற்றின் ஓரத்தில் வரிசையாக நின்று, துக்க வீட்டில் பெட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஆம்ப்ரோஸ்!" என்றார் க்ளீட்டஸ். "போப்பாண்டவர் வந்திருந்தாரா? எனக்குச் சொல்லவேயில்லையே!"

யாரோ சிரித்தார்கள். க்ளீட்டஸ் சிரிக்கவில்லை.

"என் சோளம் பாதி நிக்குது. நேத்து மழையில ஒரு மூலை அப்படியே படுத்துடுச்சு. ஈவர்ஸோடது அதுக்கு மேல. எல்லாருக்கும் ஒரு விதி வச்சியேடா, இத்தன வருஷமா நாங்க கேட்டப்பல்லாம் 'நவம்பர் வரைக்கும் எறங்காது'ன்னியே. இன்னிக்கு எறக்கிட்ட. எறக்கினதும் எங்க? பன்னிக்கொளத்துல!"

ஆம்ப்ரோஸ் தலைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பூட்ஸ் மட்டும் தெரிந்தது. இனி யார் அவரை நம்பித் தன் வயலை விடுவார்கள் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. யூனிக்கு வேலை இல்லாவிட்டால் ஆம்ப்ரோஸுக்கு வேறு என்ன இருக்கிறது? சட்டைப் பையில் ஒரு முட்டை.

அம்மா முன்னால் வந்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாத க்ளீட்டஸ். நான்தான் கேட்டேன்."

"நீயா கேட்ட?"

"ஆமா. அங்க வந்து கேட்டேன். அழுது கேட்டேன். அவரு என்ன செய்வாரு?"

ஆண்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அப்பாவின் அடக்கத்தன்றுகூட அம்மா அழுது அவர்களில் யாரும் பார்த்ததில்லை. க்ளீட்டஸின் வாய் திறந்தபடியே நின்றது. என்னுடையதும்தான். என் அம்மா பொய் சொல்வாள் என்று அன்றுதான் தெரிந்தது, அதுவும் என்னைவிட நன்றாக.

தலைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அவங்க கேக்கல."

"ஆம்ப்ரோஸ், நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

"கேக்கல." அவர் சேற்றிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். கழுத்துவரை கறுப்பாக இருந்தார். "அங்க வரவுமில்ல. ஒரு வார்த்த கேக்கவுமில்ல. நானாத்தான் வந்தேன்."

"ஏன்டா வந்த?" என்றார் க்ளீட்டஸ்.

ஆம்ப்ரோஸ் ஸ்பேனரைச் சட்டையில் துடைத்தார். சட்டையில் இருந்த சேறும் ஸ்பேனருக்குப் போனது.

"ஒன் வயல்லேருந்து பாத்தா இந்தச் சோளம் தெரிஞ்சுது."

"என் வயல்லேருந்து பாத்தா எல்லாந்தான் தெரியுது. கோயில் கோபுரம் தெரியுது, மளிகைக் கடை தெரியுது."

"நான் சோளத்த மட்டும் பாக்கல" என்றார் ஆம்ப்ரோஸ்.

நான் அறிந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. ஒருவரும் சிரிக்கவில்லை. கேலி செய்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் கிடைக்கப் போவதில்லை, அதைக் கோட்டைவிட்டேன். அம்மாவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது.

கடைசியில் அர்பன் ஈவர்ஸ்தான் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் பேச வேற எடம் கெடைக்கலியாப்பா? நாத்தம் தாங்கல. கொட்டகைக் கதவ யாராச்சும் கழட்டுங்க."

கதவைக் கழற்றிச் சேற்றின் மேல் போட்டார்கள். அதன் மேல் பலகைகள், பலகைகளின் மேல் அர்பனின் பெரிய ஜாக்கிகள். ஒரு பக்கத்தை விரல் அளவு தூக்கிக் கட்டை சொருகி, மறுபக்கத்தை விரல் அளவு தூக்கி, பிறகு சங்கிலி கட்டி இரண்டு டிராக்டர்கள் இழுத்தன. எல்லோரையும்விட அதிகம் கத்தியது க்ளீட்டஸ்தான், எல்லோரையும்விட ஆழமாகச் சேற்றில் நின்றதும் அவர்தான். மாலை வெயில் சாயும்போது பறிக்கும் தலை எங்கள் சிமென்ட் தரையில் நின்று ஒழுகிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் யூனியை ஓட்டி வந்து முதல் தடவையிலேயே நேராக உள்ளே நுழைத்தார். அர்பன் ஆணிகளை அடித்தார்.

"காலைல என் வயலுக்கு வர்ற" என்றார் க்ளீட்டஸ். "சாஞ்சு கெடக்கற கதிரு?"

"வண்டிக்குப் பின்னால நானும் ட்ரூடியும் வந்து கையால பொறுக்கறோம்" என்றாள் அம்மா. "உன்னோடது, ஈவர்ஸோடது, எல்லாருதும்."

எனக்குத் திரும்பவும் வயிற்றுவலி வரும் போலிருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

ஆம்ப்ரோஸ் இருக்கையில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பக் கையை வைத்துவிட்டார். அம்மா வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எல்லா ஆண்களும் திடீரெனக் கைகளைத் துடைப்பதில் மும்முரமானார்கள், ஒருவரும் காதைத் துடைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எட்டு மணிப் பூசைக்கு" என்றாள் அம்மா, "எங்க பெஞ்சுல எடம் இருக்கு."

எங்கள் கோயிலில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு. தாத்தா காலத்திலிருந்து யார் எதில் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தால், அடுத்த பூசைக்குள் பாதிரியார் முதல் பால் வண்டிக்காரர் வரை கல்யாணத் தேதியைக் கேட்பார்கள். அர்பன் ஈவர்ஸின் கையிலிருந்து சுத்தியல் கீழே விழுந்தது.

ஆம்ப்ரோஸ் வெகுநேரம் யோசித்தார். தலை மாட்டும்போது எப்படி யோசிப்பாரோ அப்படி.

"எந்தப் பக்கம்?" என்றார்.

பெஞ்சில் நடைவழி ஓரம் அப்பாவின் இடம். அவர் போனதிலிருந்து அதில் வேறு யாரும் உட்காராதபடி நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன், நான்கு வருடமாக, ஒரு ஞாயிறும் விடாமல். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கஷ்டப்பட்டுச் சைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல உக்காருங்க மிஸ்டர் ரிண்ட்லர்" என்றேன். "உங்க கால் ரொம்ப நீளம். நடுவுல உக்காந்தா மடக்க முடியாது, நான்தான் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழணும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எஞ்சினைக் கிளப்பினார், அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல முடியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் சற்று முன்னால் தலை வாரி, கழுத்துப்பட்டை கட்டி, கோயிலின் நடுவே எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நகங்களில் இன்னும் கறுப்பு இருந்தது. கோயில் முழுவதும் இருமியது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.